ரெண்டு நாள் காய்ச்சல்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘எத்தனைநாளக்கா’ என்று பட்டம் கட்டியது யார் என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. எக்ஸ்ரே எடுப்பவர், தானே கட்டியதாகச் சொல்வார். ஆம்புலன்ஸ் டிரைவரோ, அவருக்கு அவ்வளவு மூளை ஏது, நான்தான் என்பார். யார் கட்டினால் என்ன, பொருத்தமாகத்தான் கட்டினார்கள். பதினெட்டு வருஷம் அட்மிஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள், ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். “எத்தனை நாளா?”

எதிரில் நிற்பவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றே ஒன்றுதான். “ரெண்டு நாளாத்தாங்க.” கூட வந்த நோயாளி நாற்காலியில் உட்கார முடியாமல் சரிந்துகொண்டிருப்பார். உதடு நீலம் பாரித்திருக்கும். கன்னத்தில் ஒரு வாரத் தாடி இருக்கும். இருந்தாலும் ரெண்டு நாள்தான். ஒரு நாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நாலு நாள் என்றால் திட்டு விழும், ஆகவே ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ரெண்டு நாள் காய்ச்சல்.

அக்கா நம்பினால்தானே! அவள் காய்ச்சலைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். “கடைசியா வேலைக்கு எப்பப் போனாரு?” என்பாள். “வயிறு நிறைய எப்பச் சாப்பிட்டாரு? குளிச்சது எப்ப? ஷேவிங் பண்ணினது எப்ப?” அந்த வீட்டுக்காரி கூரையைப் பார்த்து யோசித்து, “போன செவ்வாக்கிழமைங்க” என்று மாட்டிக்கொள்வாள். அக்கா விரல்விட்டு எண்ணி, தாளில் எட்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போடுவாள். விசாரித்தாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம், அவளாக ஆரம்பித்தது. ஆனால் வார்டில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது அந்த டிக்கைத்தான். டிக் இல்லாத நாளை ஒரு பேச்சுக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு விட்டாளா என்றால், இல்லை. டிக் போட்டுவிட்டு நிமிர்ந்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் காது கேட்கிற மாதிரி, “இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று ஒரு போடு போடுவாள். பதில் வேண்டும் என்று கேட்டதல்ல அது. எப்பேர்ப்பட்ட ஆறடி ஆண்பிள்ளையும் அந்த இடத்தில் கூனிக் குறுகிப் போவான். திட்டிய வாயோடு அவளே ஓடிப்போய்த் தள்ளுவண்டி இழுத்து வருவாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மனசு கெட்டதல்ல. வாய்க்கு மட்டும் பூட்டுக் கிடையாது.

பிறகுதான் அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. ஏதோ ஒரு வைரஸ். முதல் வாரம் சாதாரணச் சளி, இருமல் என்று சாதுவாக இருக்கும். ஏழாம் நாள், எட்டாம் நாள் வாக்கில் சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கும். அப்புறம் மூச்சு வாங்கும். வார்டு நிரம்பி, வராந்தாவில் கட்டில் போட்டு, அதுவும் போதாமல் போனது. கவுண்டரில் அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாளைக்கு இருபது பேரைத் திட்டியவள் அறுபது பேரைத் திட்டினாள்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருப் பிள்ளைகளுக்கு அவர் ‘ஹாரன் மாமா’. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு மெட்டில் ஹாரன் அடிப்பார் என்பதால் வந்த பெயர். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, பீடி சிகரெட் என்று ஒரு பழக்கமும் கிடையாது. பெண்டாட்டியிடம் மட்டும் கொஞ்சம் பயம், அதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காதான். அவளுக்கு மூன்று நாள் லேசாக இருமல் இருந்தது. அப்படி இருந்தால் லீவு போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. அவள் இரட்டை மாஸ்க் போட்டுக்கொண்டு, இருமல் வந்தபோதெல்லாம் பாத்ரூமுக்குள் போய் இருமிவிட்டு, வேலைக்குப் போனாள். அவளுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆரம்பித்தது.

நாலாம் நாள், புதன்கிழமை, அவர் கேட்டார். “ஏம்மா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமா?” அன்றைக்குக் காலையில்தான் ஒரு கொத்தனாரை, நாலு நாள் கழித்து வந்தார் என்று நாறடித்திருந்தாள் அவள். அதே கவுண்டரில், அதே வரிசையில், அதே நாலு நாளோடு தன் புருஷனை நிறுத்த வேண்டும். நினைத்தாலே முகம் எரிந்தது. “மாத்திரை போட்டிருக்கீங்கல்ல, நாளைக்குப் பாக்கலாம்” என்றாள். மறுநாள் ஐந்தாம் நாளாகிவிட்டது. ஐந்தைச் சொல்வது நாலைச் சொல்வதைவிடக் கஷ்டம். ஆறு அதைவிடக் கஷ்டம். நாள் ஏற ஏற வெட்கமும் ஏறியது. வெட்கம் ஏற ஏற இன்னும் ஒரு நாள் தள்ளினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அவரால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ஒரு வண்டியைப் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கவுண்டரில் அவளுடைய நாற்காலியில் பக்கத்து நாற்காலிக்காரி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் பதறி எழுந்துவிட்டாள். “ஐயோ, மாமாவுக்கு என்னக்கா? எத்தனை நாளா?”

“ரெண்டு நாளா” என்றாள் அக்கா.

பக்கத்து நாற்காலிக்காரி இரண்டு என்று எழுதினாள். எழுதிவிட்டு, ஒரு கணமும் யோசிக்காமல் டிக் போட்டாள். அக்கா சொன்னதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

வார்டில் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தது ‘குட்டி டாக்டர்’. படித்து முடித்து ஒன்றரை வருஷமே ஆன, கனமான கண்ணாடி போட்ட, குள்ளமான பெண். ஆறு நாள் அவள் வீட்டுக்கே போகவில்லை என்று நர்சுகள் சொன்னார்கள். சேர்த்த ஏழாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

அன்றைக்கு வார்டு வாசலில் நடந்ததை அக்கா இன்றுவரை மறக்கவில்லை. அவள் நாத்தனார், அவருக்கு மூத்தவள், அவரைத் தூக்கி வளர்த்தவள், ஒரு தையல்கடைக்காரி, குட்டி டாக்டரை வராந்தாவில் மறித்துக்கொண்டாள். “ரெண்டாம் நாளே கொண்டாந்து உன் கையில குடுத்தோமேடி! கல்லு மாதிரி இருந்தவனைக் கொன்னுட்டியே! நீயெல்லாம் டாக்டருக்குப் படிச்சவளா?” என்று கத்தினாள். வராந்தாவில் கிடந்த நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். குட்டி டாக்டர் கையிலிருந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்தபடி நின்றாள். அக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வாய்க்குப் பூட்டில்லாதவள் என்று பெயரெடுத்தவள், பேச வேண்டிய அந்த ஒரு இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

முப்பது நாள் கழித்து வேலைக்கு வந்தபோது, கவுண்டர் வேண்டாம், ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். புருஷன் போன துக்கம் என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். யாரிடமும் இனி எத்தனை நாள் என்று கேட்க அவளால் முடியாது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ரெக்கார்டு ரூம் கட்டடத்தின் பின்பக்கம், மருந்து ஸ்டோரை ஒட்டி இருந்தது. இரும்பு அலமாரிகள், நாடா போட்டுக் கட்டிய கோப்புக் கட்டுகள், சுற்றும்போதெல்லாம் முனகுகிற மின்விசிறி. வந்த முதல் வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள். புருஷனுடைய கோப்பைக் கட்டிலிருந்து உருவி, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கட்டுகளுக்குப் பின்னால் செருகி வைத்தாள். யாராவது கேட்டால் காணோம் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை என்றுதான் நினைத்தாள்.

ஒரு வருஷம் கழித்துக் குட்டி டாக்டர் வந்தாள்.

“ஒரு ஆராய்ச்சி பண்றேன்க்கா” என்றாள். “அந்தக் காய்ச்சல்ல இங்க படுத்தவங்கள்ல யார் பிழைச்சாங்க, யார் பிழைக்கலை, ஏன்னு பாக்கணும். வயசு, சர்க்கரை, பிரஷர், வந்தப்ப ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை நாள் கழிச்சு வந்தாங்க, எல்லாம் வேணும். நாள் விஷயத்துல டிக் இருக்கிற கோப்பை மட்டும் எடுத்துக்கறேன். மத்ததை நம்ப முடியாது.”

“சரி டாக்டர்” என்றாள் அக்கா.

“உங்க வீட்டுக்காரர் கோப்பும் அதுல வரும்க்கா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நானே…”

“அது காணோம் டாக்டர். மாத்தி எங்கயோ வெச்சிட்டாங்க போல.”

குட்டி டாக்டர் தயங்கினாள். தோள்பையைத் திறந்து, மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன நகல் தாள்களை எடுத்தாள். “எங்கிட்ட காப்பி இருக்குக்கா. போன வருஷமே எடுத்து வெச்சுக்கிட்டேன்.” எதற்கு என்று அவள் சொல்லவில்லை. ஒரு வருஷமாக இந்தப் பெண் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். அக்காவுக்கு நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மூன்று வாரம் வேலை நடந்தது. தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு குட்டி டாக்டர் வருவாள். அக்கா கோப்பைப் பிரித்து வாசிக்க, அவள் ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொள்வாள். கோப்பில் இல்லாத ஒரு விஷயமும் அந்தத் தாளில் இருந்தது. தாமதமாக வந்தவர்கள் ஏன் தாமதித்தார்கள்? அதை வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த வேலை அக்காவின் தலையில் விழுந்தது. வண்டி கிடைக்கவில்லை என்றார்கள். பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம் என்றார்கள். நோயாளி வர மறுத்தார் என்றார்கள். சில பேர், அக்கா கேள்வியைக் கேட்டதும் அப்படியே சும்மா இருந்தார்கள். பிறகு போனை வைத்துவிட்டார்கள். அவர்களுடைய தாளில் ‘பதில் இல்லை’ என்று எழுதினாள். அப்படி நாற்பத்தோரு தாள் சேர்ந்தது.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு மதியம், குட்டி டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“எல்லாம் ஓரளவு ஒத்துவருதுக்கா. வயசானவங்க, சர்க்கரை இருந்தவங்க, ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்சு வந்தவங்க பாடு கஷ்டமாத்தான் இருந்திருக்கு. வயசும் சர்க்கரையும் நம்ம கையில இல்லை. நாள் மட்டும்தான் ஏதோ கொஞ்சம் நம்ம கையில இருந்தது. அறுபதுக்குக் கீழ வயசு, வேற நோய் கிடையாது, மூணு நாளுக்குள்ள வந்துட்டாங்க. இந்த மாதிரி நம்ம கணக்குல அறுபத்துமூணு பேர். அறுபத்திரண்டு பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க.”

அக்கா கையிலிருந்த கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

“அந்த ஒருத்தர் என் நோயாளி. உங்ககிட்ட இதைப் பேசக் கூடாதுதான். ஆனா நான் வேற யார்கிட்ட பேசறது?” அவள் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தாள். “ரெண்டாம் நாள் வந்தவருக்கு நுரையீரல் ஏன் அப்படி இருக்கணும்? இந்தக் காய்ச்சல் அவ்வளவு சீக்கிரம் அங்க இறங்காதே, வேற ஏதோ இருக்குன்னு முதல் நாள் பூரா இதயத்துல கோளாறான்னு தேடினேன். ரத்தக்கட்டு இருக்கான்னு தேடினேன். எங்கயோ எதையோ கோட்டை விட்டிருக்கேன்க்கா. உங்க நாத்தனார் சொன்னது சரிதான். எதை விட்டேன்னு மட்டும் தெரிஞ்சுட்டா போதும். அதுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே.”

பொய் சொல்வது அக்காவுக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. தினமும் நூறு பொய்யைக் கேட்டவள். ஆனால் ஒரு பொய் சொன்ன இடத்திலேயே நிற்காமல் இன்னொருத்தி தோள்பையில் ஏறி உட்கார்ந்து ஒரு வருஷம் ஊர் சுற்றும் என்று அவள் நினைத்ததில்லை.

“ஒம்பது நாள் டாக்டர்” என்றாள்.

“என்ன?”

“அவரைக் கூட்டிட்டு வந்தது ஒம்பதாம் நாள். ரெண்டுன்னு நான்தான் பொய் சொன்னேன். நீங்க எதையும் கோட்டை விடலை.”

குட்டி டாக்டர் அவளையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த முகத்தில் ஒன்று வந்தது. நிம்மதி. ஒரு மனுஷன் செத்த விஷயத்தைப் பேசும்போது வரக்கூடாத நிம்மதி, அதை அவளால் மறைக்கவும் முடியவில்லை. சட்டென்று கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அவளைத் தொடவில்லை. தொடுகிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது.

“நாள் தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?”

கேட்டே தீர வேண்டிய கேள்வி அது. குட்டி டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “ஆக்சிஜன் அளவைப் பாத்துத்தான் வைத்தியம் பண்ணினோம். அது பெருசா மாறியிருக்காது. ஆனா வேற இடத்துல தேடின அந்த ஒரு நாள்… தெரியலைக்கா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்.” தாளை எடுத்து, இரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினாள். பிறகு, அந்தத் தாளில் அடுத்த வரி அதுதான் என்பதால், சாதாரணமாகத்தான் கேட்டாள். “ஏன் லேட்டாச்சு?”

அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள். வெளியே வந்தது வேறு. “அவரு… வரமாட்டேன்னுட்டாரு.”

‘நோயாளி மறுத்தார்’ என்று குட்டி டாக்டர் எழுதினாள். எழுதிவிட்டு, “அதான் போல” என்றாள். “வார்டுல நான் அவர்கிட்டயும் கேட்டேன்க்கா. தாள்ல டிக் இருந்தும் எனக்கு மனசு கேக்கலை. ‘ரெண்டு நாளாத்தானா?’ன்னு கேட்டேன். பேச முடியலை, தலையை ஆட்டினாரு. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் ஆட்டினாரு. ஆஸ்பத்திரின்னா பயம் போல, பாவம்.”

அவர் எதற்குத் தலையாட்டினார் என்று அக்காவுக்குத் தெரியும். மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த மனுஷன் மேல்தான் இப்போது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால், பழியைத் தூக்கிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நாத்தனாரின் தையல்கடைக்குப் போனாள். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, சுவர் முழுக்கத் தொங்குகிற பாதி தைத்த துணிகள். நாத்தனார் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும்.”

“உக்காந்து சொல்லேன்.”

“அவரை ரெண்டாம் நாள் கூட்டிட்டுப் போகலை அண்ணி. ஒம்பதாம் நாள்தான் போனோம். அந்த டாக்டர் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை.”

மெஷின் நின்றது. நாத்தனார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். “யாரு இப்படிச் சொல்லச் சொன்னது? அவளா? வேலையைவிட்டுத் தூக்கிடுவோம்னு மிரட்டினாங்களா?”

“யாரும் சொல்லலை. நெசமாத்தான்.”

“போடி, பைத்தியம். எனக்குத் தெரியாதா உன்னை? ஊரான் நாலு நாள் லேட்டா வந்தாலே கிழிகிழின்னு கிழிக்கிறவ நீ. கட்டின புருஷனை ஒம்பது நாள் வீட்டுல போட்டு வெச்சிருப்பியாக்கும்!”

பதினெட்டு வருஷம், உண்மையில்லாததை யாராலும் அவளை நம்பவைக்க முடிந்ததில்லை. இன்றைக்கு அவள் சொல்லும் உண்மையை நம்ப ஆளில்லை. அவளுடைய பொய் மட்டும் இந்த வீட்டில் மரியாதையோடு உட்கார்ந்திருந்தது.

“சத்தியமா ஒம்பது நாள் அண்ணி.”

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நாத்தனார் துணியை மடியில் போட்டாள். “அப்ப ஏன் கூட்டிட்டுப் போகலை?”

“அவரு வரமாட்டேன்னுட்டாரு.” மதியம் ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டதால், இந்தத் தடவை தடையில்லாமல் வந்தது.

“யாரு, அவனா?” நாத்தனார் சிரித்தேவிட்டாள். “ரெண்டு தும்மல் போட்டா மூணாவது தும்மலுக்கு டாக்டர் வீட்டு வாசல்ல நிப்பானே, அவனா? சின்னப் பிள்ளையில முட்டியில சிராய்ச்சாக்கூட ஊசி போட்டுக்கலாம்னு அவனே வந்து நிப்பான். ஊசிக்கு அழாத ஒரே பிள்ளை அவன்தான். அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னானா?” சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. “இந்தா, என்னைப் பாரு. அவன் கேக்கலை?”

அக்கா தரையைப் பார்த்தாள். நூல் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

“கேட்டாரு” என்றாள். “மூணு தடவை கேட்டாரு.”

“மூணாவது தடவை எப்ப?”

“ஏழாம் நாள், சனிக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பிட்டிருந்தேன். கட்டில்ல உக்காந்து சட்டையை மாட்டி, பட்டன் போட்டுட்டிருந்தாரு. ‘நானும் உன்கூடயே வந்துடட்டுமா’ன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“‘அங்க வந்து என் மானத்தை வாங்காதீங்க, திங்கக்கிழமை பாத்துக்கலாம்’னேன்.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“‘சரி’ன்னாரு. பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சாரு.”

“சரின்னுட்டானா…” என்றாள் நாத்தனார். மடியில் கிடந்த சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு, “சரின்னுட்டான், சரின்னுட்டான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அடித்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். நாத்தனார் இரண்டையும் செய்யவில்லை. முகத்தைப் பார்க்காமல், “நீ கிளம்பு” என்றாள். அக்கா வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து, “அந்தப் பொண்ணை நான் என்னென்ன பேசிட்டேன்!” என்று குரல் கேட்டது.

மறுநாள் காலையில் குட்டி டாக்டர் டியூட்டிக்கு வருவதற்கு முன்பே அக்கா வார்டு வாசலில் நின்றாள். அவளை ரெக்கார்டு ரூமுக்குக் கூட்டிப்போய், பழைய கட்டுகளுக்குப் பின்னாலிருந்து புருஷனுடைய கோப்பை உருவி மேஜையில் வைத்தாள். “காணாமப் போகலை. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நேத்து சொன்ன காரணமும் பொய்.”

குட்டி டாக்டர் தன் தாள்கட்டைப் பிரித்தாள். அந்தத் தாளைத் தேடி எடுத்து, பேனாவோடு அவள் பக்கம் நகர்த்தினாள். அக்கா ‘நோயாளி மறுத்தார்’ என்பதை அடித்தாள். அடியில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. நுணுக்கி எழுதினாள். ‘நோயாளி மூன்று முறை கேட்டார். மனைவிக்கு வெட்கமாக இருந்தது.’

குட்டி டாக்டர் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் கோபம் வருகிறதா என்று அக்கா பார்த்தாள். வந்தது, வந்து போகவுமில்லை. “இதை எந்தக் காரணத்தோட சேக்கறதுக்கா?” என்று மட்டும் கேட்டாள். “இந்த மாதிரி வேற யாரும் சொல்லலையே.”

“சொல்ல மாட்டாங்க டாக்டர். அதுவும் எங்கிட்ட சொல்லவே மாட்டாங்க.”

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே அது முழுசாக உறைத்தது. மேஜையின் ஓரத்தில் கட்டி வைத்திருந்த அந்த நாற்பத்தோரு தாளை எடுத்தாள். மேலே இருந்தது, எட்டாம் நாள் வந்து சேர்ந்து பிழைக்காமல் போன ஒரு கிழவருடையது. கூட வந்த மகளை வரிசைக்கு முன்னால் வைத்துத் திட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. போன வாரம் போனில் கேட்டபோது வாயைத் திறக்காமல் வைத்தவளும் அந்த மகள்தான்.

அக்கா போனை எடுத்து எண்களை அழுத்தினாள். மணி அடித்தது. “யாருங்க?” என்றது ஒரு பெண் குரல்.

“நான் ஆஸ்பத்திரியில அட்மிஷன்ல உக்காந்திருந்தவம்மா. உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தப்ப எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டினேன். இப்ப எதையும் கேக்கறதுக்குக் கூப்பிடலை. எங்க வீட்டுக்காரரை நான் ஒம்பது நாள் கழிச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். போயிட்டாரு. வெளிய ரெண்டு நாள்னு சொன்னேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனால் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. குட்டி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கப்பாவும் போலாம் போலாம்னுதாங்க சொல்லிட்டே இருந்தாரு” என்றாள் அந்தப் பெண். “எனக்குத்தான் உங்க கவுண்டர்ல வந்து நிக்க பயமா இருந்துச்சு. எதிர்வீட்டுக்காரங்களை நீங்க திட்டினதை நேர்லயே பாத்திருந்தேன்.”

அக்கா ‘பதில் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.